மடை தாண்டிய மட்டை

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு உட்காரத் தெரியாமல் போய்விட்டது என்பதை என் மனைவிதான் முதலில் கண்டுபிடித்தாள். குடிநீர் இணைப்புக்குப் பெயர் மாற்றும் முறை, வாரிசுச் சான்றுக்கு யாரை எந்த வரிசையில் பார்க்க வேண்டும், மேல்முறையீட்டை எத்தனை படியில் கட்டி அனுப்ப வேண்டும், எல்லாம் எனக்கு அத்துப்படி. தெருவில் எவருக்கும் அந்தத் தேவை தினமும் வருவதில்லை. செய்தித்தாளை மடித்து வைத்த பின் கூடத்துக்கும் சமையலறைக்கும் இடையே நடந்துகொண்டே இருப்பேன்.

"ஏங்க, ஒண்ணு உக்காருங்க. இல்ல வெளிய எங்கயாவது போங்க. தரை தேயுது."

வெளியே போனேன். போன இடம் கோல்ஃப்.

பணியின் கடைசி ஆண்டுகளை ஒரு மலை நகரத்தில் கழித்தேன். அந்தப் பதவியோடு அங்கிருந்த பழைய கோல்ஃப் மன்றத்தின் உறுப்பினர் தகுதியும் கிடைத்தது. பதவி போன மறுநாள் அதுவும் போனது. விதிப்படி சரிதான். அந்த விதியின் திருத்த வரைவில் நானே ஒரு காற்புள்ளி சேர்த்தவன். விளையாட்டு மட்டும் என்னோடு தென்காசிக்கு இறங்கி வந்துவிட்டது, ஊசியால் தீராத சளி மாதிரி. தென்காசியில் கோல்ஃப் மைதானம் கிடையாது. கையில் குடை இருந்தால் குடையையும், ஒட்டடைக்கம்பு இருந்தால் ஒட்டடைக்கம்பையும் வீசிக்கொண்டிருந்தேன்.

குற்றாலத்தில் ஒரு சீசன் நாளில் ஐந்தருவிச் சாலையோரம், மனைவி ரம்புட்டான் பேரம் பேசி முடிக்கும் வரை நிற்க முடியாமல், மடக்கிய குடையை வீசிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"சார், தலைய தூக்காதிய. அடிச்சு முடியுத வரைக்கும் பந்தத்தான் பாக்கணும்."

திரும்பினேன். முறுக்கு மீசை, ஈரத் துண்டு, நிமிர்ந்த முதுகு. பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று, பண்பொழிப் பக்கம் தென்னந்தோப்பும் உரத்த குரலுமாக வாழ்கிறவர். அன்று முதல் அவர் எனக்கு அண்ணாச்சி. நான் அவருக்கு சார். பட்டாளத்தில் அதிகாரிகள் ஆடும் மைதானத்தில் அவர்களுடைய மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கிற வேலை அவருக்குப் பல வருஷம் வாய்த்திருக்கிறது. அதனால் தனக்குத் தெரியாத கோல்ஃபே உலகத்தில் இல்லை என்பது அவர் முடிவு. அந்த முடிவில் பாதிதான் உண்மை என்பது போகப் போகத் தெரிந்தது.

எங்கள் மைதானம் சுந்தரபாண்டியபுரம் பக்கத்தில் ஒரு குளம். ஐப்பசி மழை வரும் வரை அதில் சொட்டுத் தண்ணீர் நிற்காது. வெடித்துக் காய்ந்த தரை, அங்கங்கே சீமைக்கருவேலம், வேறு போக்கிடமில்லாத ஆடுகள். சாயங்காலம் மேற்கே நின்று கிழக்கே பார்த்து அடிப்போம். வெயில் முதுகில் விழும், கண் கூசாது. எதிரே குளத்தின் கரை சுவர் மாதிரி நிற்பதால் பந்து தொலையாது. கரையின் நடுவே இருந்த மடைதான் எங்கள் இலக்கு. திசையை முடிவு செய்தவன் நான். காரணங்களை வரிசையாகச் சொல்லித்தான் முடிவு செய்தேன். விட்டுப்போன காரணம் ஒன்று இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

மூன்றாவது ஆள் ஓர் இரும்புக்கடைக்காரர். ஞாயிறு ஆராதனையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சந்தேகிப்பவர். பந்து பொறுக்க வருவதாகச் சொல்லி வந்து, இரண்டாம் நாளே மட்டையைக் கையில் வாங்கிவிட்டார்.

ஒரு நாள் எங்களுக்கு மட்டை பிடிக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்த இடைவெளியில் அண்ணாச்சி அந்தக் கதையைச் சொன்னார். எந்த ஊர்ப் பாசறை என்று சொல்லவில்லை. முதல் குழியின் தொடக்கத் திட்டில் ஓர் அதிகாரி, நல்ல மனநிலையில், "நீ ஒண்ணு அடி" என்று டிரைவரை இவர் கையில் கொடுத்திருக்கிறார். டிரைவர் என்றால் முதல் அடிக்கான மட்டை, பையில் இருப்பதிலேயே நீளமானது, பெரிய தலை கொண்டது. இவர் வீசினார். மட்டை போய் வந்தது. பந்து, அதைத் தாங்க மண்ணில் குத்தும் மரமுளையின் மேல் அப்படியே இருந்தது. வராந்தாவில் இருந்தவர்கள், அவர்கள் வீட்டம்மாக்கள், எல்லாரும் சிரித்தார்கள்.

"அந்தப் பந்து இன்னும் அங்கனயேதான் இருக்கு சார், எனக்கு," என்றார். "நெசமான மைதானத்துல, நாலு பேரு பாக்க, ஒரே ஒரு அடி. சுத்தமா. அம்புட்டுதான். பொறவு மட்டைய தோப்புல மாங்கா பறிக்க வச்சுக்கிடுதேன்."

நான் ஆறுதல் சொல்லவில்லை. ஆறுதலுக்கு எனக்கு முறை தெரியாது. ஏற்பாட்டுக்குத் தெரியும். கேரளத்தில், மலைக்கு அந்தப் பக்கம், என் மகளின் மாமனார் ஒரு பழைய மைதானத்தில் உறுப்பினர். உறுப்பினர் ஒருவர் விருந்தினர் இருவரை அழைத்து வரலாம். இரண்டும் ஒன்றும் மூன்று என்பது போல எளிது. இடையே இருந்த ஒரே தடை, என் பழைய டிரைவர் கழுத்தில் முறிந்து கிடந்ததுதான்.

நல்ல டிரைவரின் விலையைப் பார்த்தேன். பேரனின் பள்ளிக் கட்டணத்தோடு ஒப்பிட்டு, அந்தப் பக்கத்தை மரியாதையாக மூடினேன். பிறகு இணையத்தில், யாரும் கேள்விப்படாத பெயரில் ஒன்று கண்ணில் பட்டது. பெரிய நிறுவனத்து மட்டையின் உறைக்கு என்ன விலையோ அது இதன் முழு விலை. வாங்கியவர்களின் அனுபவங்களை ராப்பகலாகப் படித்தேன். ஒருவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்து, பார்சல் நன்றாகக் கட்டப்பட்டிருந்தது என்று எழுதியிருந்தார். இன்னொருவர், நிறம் படத்தில் இருந்த மாதிரி இல்லை என்று ஒரு நட்சத்திரம். மைத்துனருக்குப் பரிசாகக் கொடுத்ததாகவும் மைத்துனர் இன்னும் பிரிக்கவில்லை என்றும் ஒருவர் நான்கு நட்சத்திரம். பந்தை அடித்துப் பார்த்தவர் எவரும் அங்கே இருந்ததாகத் தெரியவில்லை. வரவழைத்தேன்.

"இதென்ன, ஒட்டடைக்கம்பா? வீட்ல ரெண்டு இருக்கே," என்றாள் மனைவி.

தலை கறுப்பாக, சற்றுப் பெரிய பஞ்சவர்ண மாங்காய் அளவில் இருந்தது. பிடியில் ரப்பர் நாற்றம். அன்று சாயங்காலம் குளத்தில் பந்தை வைத்தேன். வைப்பதே ஒரு வேலை. சாரல் காலத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று மரமுளையில் பந்தை நிற்க விடாது. அண்ணாச்சி எனக்குப் பின்னால் வேட்டியை விரித்துப் பிடித்து நிற்பார்; நான் பந்தை வைத்து நிமிர்ந்ததும் விலகிக்கொள்வார்; அது உருண்டு விழுவதற்குள் அடித்துவிட வேண்டும். தொப்பியைத் துண்டால் தாடையோடு கட்டியிருந்தேன். பல்வலிக்காரன் மாதிரி இருந்ததாக இரும்புக்கடைக்காரர் சொன்னார்.

அடித்தேன். எவர்சில்வர் தட்டு சிமெண்டுத் தரையில் விழுந்த சத்தம். பந்து மேலே எழும்பி, எழும்பி, இறங்க மனமில்லாமல் போய்க்கொண்டே இருந்தது. கரைக்கு முன்னால் தரையில் குத்தி, உருண்டு, கரையில் ஏறி, மடையைத் தாண்டி அந்தப் பக்கம் மறைந்தது.

"ஏ யப்பா! என்னமா பறக்கு பாத்தியளா!" என்றார் அண்ணாச்சி. "இந்த மாதிரி அடி எங்க பிரிகேடியர்கூட அடிச்சதில்ல."

"சார்வாள், பந்துக்குள்ள என்னமும் வச்சிருக்கியளா?" என்றார் இரும்புக்கடைக்காரர்.

மறுநாள் அவர் கடையிலிருந்து நீள நாடா கொண்டு வந்தார். அளந்தோம். மடை வரை இருநூற்று நாற்பது கெஜம். என் அறுபது வயதுத் தோள் மலை நகரத்தில் என்றைக்கும் எட்டாத தூரம் அது. அண்ணாச்சி அடித்தார், மடை. இரும்புக்கடைக்காரர் அடித்தார், மடைக்கு ஒரு தென்னை உயரம் முன்னால். இரண்டு பேரும் அதே மட்டையை ஆளுக்கொன்று வரவழைத்தார்கள். ஒரே ஆட்டத்தில் ஒருவர் மட்டையை இன்னொருவர் வாங்கி அடிப்பதற்கு விதி இடம் தராது என்று நான் சொல்லியிருந்தேன். மாறிப்போகாமல் இருக்க அண்ணாச்சி தன்னுடையதில் பண்பொழி முருகன் கோயில் சிவப்புக் கயிற்றைக் கட்டினார். பந்திலும் சிவப்புப் பொட்டு, மருமகளின் நகப்பூச்சு.

நான் செய்த அடுத்த காரியம், அந்த மட்டையைப் பற்றி மதிப்புரை எழுதியது. நன்மை, குறை, பரிந்துரை என்று மூன்று பத்தி. கோவையிலிருந்தும் எங்கிருந்தோவும் ஆட்கள் கேள்வி கேட்டார்கள். தூரம் எவ்வளவு சார்? மெதுவாக வீசுகிறவர்களுக்கு ஒத்துவருமா சார்? ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினேன். அந்த மாதம் முழுக்க வீட்டுத் தரை தேயவில்லை.

சம்பந்திக்குத் தொலைபேசினேன். அவர் பூர்விகம் செங்கோட்டை. அந்தப் பக்கம் போய்ப் பல காலமாகிறது. பேசும்போதெல்லாம் ஒரு வாக்கியம் தவறாமல் சொல்வார். அன்றும் சொன்னார்.

"தென்காசில என்ன இருக்கு சம்பந்தி, காத்தைத் தவிர?"

"இருநூத்தி நாப்பது கெஜம் இருக்கு," என்றேன்.

"கொள்ளாம், கொள்ளாம். வாங்க, பாப்போம்," என்றார். மலைக்கு அந்தப் பக்கத்தில் 'நன்று' என்பதற்கு அதுதான் சொல்.

ஆவணியில் மழை விட்ட ஒரு ஞாயிறு. இரும்புக்கடைக்காரருக்கு ஆராதனை. நானும் அண்ணாச்சியும் விடியுமுன் என் காரில் மலையேறினோம். அண்ணாச்சி புதுச் சட்டை, பட்டாளத்து ஷூ. முந்தின ராத்திரி தூங்கவில்லை என்பது கண்ணில் தெரிந்தது. கேட்டால் தோப்பில் பன்றி வந்ததாகச் சொன்னார்.

மைதானம் ராத்திரி மழையில் ஊறிப் பச்சையாகக் கிடந்தது. ஓர் இலை அசையவில்லை. முதல் குழியின் தொடக்கத் திட்டுக்கு நேர் பின்னால் மன்றத்து வராந்தா. பிரம்பு நாற்காலிகளில் உறுப்பினர்கள் சாயாக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார்கள். அண்ணாச்சி கேட்ட நாலு பேருக்குப் பதில் பதினைந்து பேராவது இருப்பார்கள். எதிரே நூற்று ஐம்பது கெஜத்தில் குறுக்கே ஓர் ஓடை.

சம்பந்தி என்னைத் தனியாக அழைத்தார். "முன்னால ஒரு திட்டு இருக்கு. ஓடை பக்கம். வயசானவங்க அங்கேருந்துதான் அடிக்கிறது. நானும் அங்கேருந்துதான். அது மதி, போதும்."

அவர் தாழ்த்துவதாக எனக்குத் தோன்றியது. "வேண்டாம். நாங்க ரெண்டு பேரும் இங்கேருந்தே அடிக்கிறோம்," என்றேன். அண்ணாச்சியைக் கேட்கவில்லை.

முதலில் நான். தொப்பியைக் கட்ட வேண்டியிருக்கவில்லை. பந்து மரமுளையில் சாமி சிலை மாதிரி நின்றது. அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். வீசினேன். அதே எவர்சில்வர் சத்தம். பந்து வழக்கம்போல் மேலே எழும்பியது. வழக்கமாக அது அங்கிருந்து கிளம்பும். இன்று யோசித்தது. யோசித்துவிட்டு நேராக இறங்கி ஓடைக்குள் விழுந்தது. ஒரு பெரிய தவளை குதித்த சத்தம்.

"நல்ல உயரம்," என்றார் சம்பந்தி. கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை.

அண்ணாச்சி பந்தை வைக்கக் குனிந்தவர், பாதியில் நிமிர்ந்து, கொஞ்சம் புல்லைக் கிள்ளி மேலே விட்டார். புல் நேராக அவர் ஷூ மேல் விழுந்தது. திரும்ப ஒரு தடவை கிள்ளி விட்டார். திரும்பவும் ஷூ மேல்.

"சார்," என்றார் மெதுவாக. "காத்து எங்க?"

வெயில், கரை, மடை, ஆடு, எல்லாவற்றுக்கும் காரணம் எழுதி முடிவெடுத்த எனக்கு, முதுகில் கையை வைத்துத் தள்ளிக்கொண்டிருந்த காற்று மட்டும் கணக்கில் வரவில்லை. பிறந்தது முதல் அடிக்கிற காற்று. யாராவது தரையைக் கணக்கில் எடுப்பார்களா? அந்தத் தரையும் சிமெண்டு மாதிரிக் காய்ந்து பந்தை உருட்டிவிட்டிருக்கிறது. மட்டை பாவம். அது பந்தை மேலே தூக்கும் வேலையைத் தவிர வேறு எதையும் செய்ததில்லை.

"முன் திட்டுக்குப் போயிருவோமா அண்ணாச்சி?" என்றேன்.

"பதினஞ்சு பேரு பாத்துக்கிட்டு இருக்கான். இனி நான் எங்கன போவ?"

பந்தை வைத்தார். பிடியை இறுக்கினார். கை நரம்பு புடைத்தது எனக்கே தெரிந்தது. வீசினார். என்னிடம் தலையைத் தூக்காதே என்று சொன்ன மனிதர் தலையைத் தூக்கினார். மட்டை பந்தின் உச்சந்தலையைச் சுரண்டியது. அது தரையோடு ஓடி, இடப்பக்கமாக ஐம்பது கெஜத்தில், உயரப் புல் தொடங்குகிற விளிம்பில் ஒரு தொட்டாற்சிணுங்கிச் செடி ஓரம் நின்றது. வெள்ளை வெளேரென்று அங்கேயே இருந்தது.

வராந்தாவில் யாரோ சிரித்தார்கள். தங்களுக்குள் ஏதோ பேசிச் சிரித்திருக்கலாம். அண்ணாச்சி அதை விசாரிக்கும் நிலையில் இல்லை. மட்டையைக் கீழே ஊன்றி, பந்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் முதுகு முதல் தடவையாக வளைந்திருந்தது. எனக்குக் கால் நிற்கவில்லை. இரண்டு எட்டு முன்னால் போனேன், திரும்பி வந்தேன்.

குளத்தில் யாருக்கும் இரண்டாவது பந்து தந்தவனில்லை நான். இரும்புக்கடைக்காரர் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சியும் தந்ததில்லை. ஆனால் விதிப் புத்தகத்தில் ஒரு வழி உண்டு. அடித்த பந்து காணாமல் போயிருக்கக்கூடும் என்றால், அதே இடத்திலிருந்து தற்காலிகப் பந்து ஒன்று அடிக்கலாம். வாய்விட்டு அறிவித்துவிட்டு அடிக்க வேண்டும்.

"பந்து எங்க போச்சுன்னு தெரியலியே," என்றேன், வராந்தாவுக்குக் கேட்கும்படி. "காணாமப் போயிருக்கலாம். அண்ணாச்சி, தற்காலிகப் பந்துன்னு சொல்லிட்டு இன்னொண்ணு அடிங்க."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். பிறகு வெள்ளை வெளேரென்று கிடந்த பந்தைப் பார்த்தார்.

சம்பந்தியும் பார்த்தார். அவருடைய அனுமதியில்தான் நாங்கள் அங்கே நின்றிருந்தோம். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் நிதானமாகத் துடைத்தார். மாட்டிக்கொள்ளவில்லை.

"எனக்கும் தெரியலை," என்றார். "மழைக்காலம், புல்லு வளர்ந்து போச்சு."

அண்ணாச்சி இன்னொரு பந்தை எடுத்தார். "தற்காலிகப் பந்து," என்றார், பெயர் கூப்பிட்டதும் பதில் சொல்கிற சிப்பாய் மாதிரி.

"மெல்ல வீசுங்க. மடைய மறந்திருங்க," என்றேன்.

வீசினார். தலை கீழேயே இருந்தது. தட்டுச் சத்தம் சுத்தமாக, ஒரே சத்தமாகக் கேட்டது. பந்து உயரம் போகவில்லை. தாழ்வாக, நேராகப் போய், ஓடையை ஒட்டினாற்போல் தாண்டி, அக்கரைச் சேற்றில் பொத்தென்று குந்தியது. நூற்று அறுபது கெஜம் இருந்தால் அதிகம். வராந்தாவிலிருந்து ஒரு குரல் "கொள்ளாம்!" என்றது. அண்ணாச்சி மட்டையைக் கீழே வைக்க மறந்து தோள் மேலேயே வைத்திருந்தார்.

இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். விதி அப்படி முடிய விடாது. முதல் பந்தை மூன்று நிமிடம் தேட வேண்டும். அதற்குள் கிடைத்துவிட்டால் இரண்டாவது பந்து செல்லாது; அந்த அடியே நடக்காத மாதிரி. கிடைக்காவிட்டால்தான் அது உயிர் பெறும்.

தேடினோம். நான் கடிகாரத்தைப் பார்த்தபடி வலப்பக்க மரங்களுக்கடியில் தேடினேன். பந்து போனது இடப்பக்கம். சம்பந்தி இடப்பக்கம்தான் போனார். தொட்டாற்சிணுங்கிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மட்டையால் புல்லை விலக்கி விலக்கிப் பார்த்தார். அண்ணாச்சி நடுவில் அசையாமல் நின்றார். நான் சரியான இடங்களில் தேடாமல் இருப்பதற்கு இவ்வளவு பாடுபட வேண்டியிருக்கும் என்று நினைக்கவில்லை. ஒரு நிமிடம் ஆகியிருக்கும் என்று பார்த்தால் முள் பாதிகூட நகர்ந்திருக்கவில்லை.

அடுத்து ஆட வேண்டியவர்கள் திட்டுக்கு வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர், உதவுகிற குணமுள்ளவர், கையை நீட்டியபடி இறங்கி நடந்து வந்தார். "அதோ, அந்தச் செடிகிட்டே…"

சம்பந்தி குறுக்கே போனார். "உங்க முட்டுவலி எப்படி இருக்கு? அந்த எண்ணெய் தேய்ச்சீங்களா?" என்று அவர் தோளில் கை போட்டுத் திருப்பி, வந்த வழியே நடத்திக்கொண்டு போனார். முட்டியைப் பற்றிக் கேட்டால் எவரும் பந்தை மறப்பார்கள் என்பது அந்த வயதில் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

முள் ஏறியது. "மூணு நிமிஷம் ஆச்சு. பந்து காணலை," என்று அறிவித்தேன். பிறகு முறைப்படி, "அபராதம் ஒண்ணு. அண்ணாச்சி, இனி நீங்க அடிக்கிறது நாலாவது அடி," என்றேன்.

"நாலோ நாப்பதோ சார்," என்றார் அண்ணாச்சி. அவர் அதற்குள் ஓடைப் பாலத்தை நோக்கி நடக்க ஆரம்பித்திருந்தார்.

மற்றக் குழிகளில் நாங்கள் ஆடியது எழுதத் தக்கதாக இல்லை. சாப்பாட்டுக்குப் பிறகு காரருகே சம்பந்தி என் கையைப் பிடித்து எதையோ உள்ளங்கையில் வைத்தார். சிவப்புப் பொட்டு வைத்த பந்து.

"யாரோ விட்டுட்டுப் போயிருக்காங்க," என்றார். தென்காசியில் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்கவில்லை.

இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே இருக்கும் பெட்டியில் அதைப் போட்டு மூடினேன். அண்ணாச்சி ஏறியதும் இரும்புக்கடைக்காரரைத் தொலைபேசியில் பிடித்தார்.

"ஓடைக்கு அங்கிட்டு வே! ஒரே அடி! வராந்தா பூரா எந்திரிச்சு நின்னுட்டான்… சாரா? சார் பந்து தண்ணிக்குள்ள போச்சு. மட்டை நல்ல மட்டைதான் வே, பிடிக்கிறவன் பிடிக்கணும்லா."

ஆரியங்காவு தாண்டியதும் வளைவுகள் தொடங்கின. ஒவ்வொரு வளைவிலும் பெட்டிக்குள் பந்து உருண்டு ஒரு பக்கச் சுவரில் மோதியது. அடுத்த வளைவில் மறுபக்கச் சுவர். நான் அந்த மதிப்புரையைத் திருத்துவதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். மேற்கிலிருந்து காற்றும், காய்ந்த குளமும், எதிரே ஒரு கரையும் உள்ளவர்களுக்கு இந்த மட்டையைப் பரிந்துரைக்கிறேன் என்று எழுத வேண்டும். இன்று வரை எழுதவில்லை. கேள்விகள் வந்துகொண்டிருக்கின்றன.

புளியரை இறக்கத்தில் எங்கள் காற்று வந்து காரின் முதுகில் அறைந்தது. அண்ணாச்சி தொலைபேசியை வைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கினார். மீசை முன்பக்கமாகப் பறந்தது.

"சார், அந்தப் பெட்டிக்குள்ள என்னமோ உருளுதே?"

"டார்ச்சு," என்றேன்.

"டார்ச்சு இம்புட்டு உருளாதே."

"பழைய டார்ச்சு அண்ணாச்சி."

அவர் பெட்டியைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு வெளியே திரும்பி, ஓடையை எவ்வளவு உயரத்தில் பந்து தாண்டியது என்பதை எனக்கே மறுபடி சொல்ல ஆரம்பித்தார். முதல் தடவை சொன்னதைவிட இப்போது ஒரு முழம் கூடியிருந்தது. நான் இடது கையைப் பெட்டியின் மூடி மேல் அழுத்தி வைத்துக்கொண்டு, செங்கோட்டை வரை ஒற்றைக் கையால் ஓட்டினேன். மலைப்பாதையில் அப்படி ஓட்டுவது முறையல்ல.